வீணை தகரம் மாதிரி கேட்கிறதா? பியஸோ பிக்கப்புக்கு எந்த இடத்தில் எந்தக் கெப்பாசிட்டர்

போன நவராத்திரியில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கொலு. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தூண் வரிசைக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து வீணை டீச்சர் உட்கார்ந்திருந்தார். மைக் செட் நம்முடையது. குதிரைக்குப் பக்கத்தில், வீணைப் பலகைமேல் 27 மில்லிமீட்டர் பியஸோ தட்டு ஒன்றை ஒட்டியிருந்தோம். அதன் ஒயரை நம்ம பையன் மிக்சரின் மைக் சேனலில் சொருகிவிட்டான். டீச்சர் சாரணியை, அதாவது முதல் கம்பியை, மீட்டினார். ஸ்பீக்கரில் வந்தது வீணை இல்லை, டபராவைக் கரண்டியால் தட்டின மாதிரி ஒரு சத்தம். எல்லாவற்றிலும் தாழ்ந்த கம்பியான அனுமந்தரத்தை மீட்டினால் நகம் கம்பியில் படுகிற ‘டிக்’ மட்டும் கேட்டது. நாதத்தைக் காணோம்.

“தம்பி, இது என் வீணையா, எவர்சில்வர் கடையா?” என்றார் டீச்சர்.

வீட்டு ஆச்சி அதற்குள் ரெண்டு தடவை முகப்பு வரை போய் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு வந்தார். “கிட்டத்துல கேட்டா நல்லாத்தானப்பா இருக்கு, இந்தப் பொட்டிக்குள்ள போனாத்தான் கெட்டுப்போகுது” என்றார். நோய் இன்னதென்று ஆச்சி சரியாகவே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அதைச் சரி செய்தது டூல்ஸ் பையில் கிடந்த ஒரு 224 கெப்பாசிட்டரும் லைன் இன்புட்டும்தான். அப்புறம் இதே மாதிரி கிடார், மாண்டலின், வயலின் என்று வரிசையாகக் கடைக்கு வந்தன. பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு கெப்பாசிட்டரை வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். வைத்த இடம்தான் தப்பு. ஒரே கெப்பாசிட்டரை பியஸோவுக்கு இணையாக (இரண்டு ஒயருக்கும் குறுக்கே) வைத்தால் ஒரு வேலை, தொடராக (ஒரு ஒயரை வெட்டி நடுவில்) வைத்தால் கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறான வேலை. இதைக் குழப்பிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதனால் என்ன குறை காதில் விழுகிறதோ, அதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு எண்கள்

கையில் கெப்பாசிட்டன்ஸ் (கொள்ளளவு) அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பிக்கப்பை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி நேராக அளந்துவிடுங்கள். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளை வட்டம் ஒட்டிய 27 மில்லிமீட்டர் பஸ்ஸர் தட்டு என்றால் 20 நானோ ஃபாரட்டுக்கு முன்பின்னாகக் காட்டும். கிடாரில் கம்பிகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் போகும் பட்டை பிக்கப் என்றால் மிகக் குறைவு: சில நூறு பிக்கோ ஃபாரட்டிலிருந்து ஒன்றிரண்டு நானோ வரை. ஏன் அளக்கச் சொல்கிறேன் என்றால், பியஸோ என்பதே ஒரு கெப்பாசிட்டர்தான். நசுக்கினால் மின்னூட்டம் தரும் கெப்பாசிட்டர். 1880இல் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. நம்ம காரைக்குடி வீணைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் ஒரு அண்ணன் தம்பிதான். மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார், இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடத்தி வாசித்தார். இந்த இரண்டு ஜோடியையும் ஒரு பத்தியில் சேர்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இரண்டாவது எண், அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்தின் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை. மிக்சரின் மைக் சேனல் சுமார் 2 கிலோ ஓம். லைன் இன்புட் 10 கிலோவிலிருந்து 20 கிலோ வரை. கிடார் ஆம்ப்ளிஃபயர், ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்சரோடு சேர்க்கும் பெட்டி, கரண்டில் ஓடுவது) எல்லாம் 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல்.

இந்த இரண்டும் சேர்ந்து கீழ் சத்தத்தை வெட்டும் ஒரு வடிகட்டி ஆகிவிடும். எங்கே வெட்டும்? கணக்கு எளிது. 159ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெகா ஓமாலும் நானோ ஃபாரட்டாலும் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். அந்த எண்ணுக்குக் கீழே உள்ள சத்தமெல்லாம் இறங்க இறங்கத் தேயும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கணக்குதான்.

“கீழே ஒண்ணுமே இல்லை, தகரம் மாதிரி இருக்கு”

கானாடுகாத்தான் கதை இதுதான். 20 நானோ தட்டு, மைக் சேனலில் 2 கிலோ ஓம், அதாவது 0.002 மெகா. 159ஐ 0.04ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4000 ஹெர்ட்ஸ். மூன்று கட்டைச் சுருதிக்குச் சாரணி 165 ஹெர்ட்ஸ், மந்தரம் அதில் பாதி, அனுமந்தரம் 62. எல்லாமே 4000க்கு எங்கேயோ கீழே கிடக்கின்றன. நகச் சத்தமும் உலோகக் கூர்மையும் மட்டும் தப்பித்து மேலே வந்தன. வளவில் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்ற சுண்ணாம்புப் பூச்சு, கீழே ஆத்தங்குடிக் கல். கூர்மையான சத்தம் அங்கே இன்னும் ரெண்டு சுற்று சுற்றும். கேட்க வேண்டுமா?

நல்ல வைத்தியம்: 1 மெகா ஓம் உள்ள இடத்தில் சொருகுங்கள். 159ஐ 20ஆல் வகுத்தால் 8 ஹெர்ட்ஸ். அனுமந்தரம் முழுசாக வரும். ஆக்டிவ் டிஐ பாக்ஸ் ஒன்று பையில் இருந்தால் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம். பாசிவ் டிஐ பாக்ஸ் வேறு. அதன் இன்புட் சுமார் ஒன்றரை லட்சம் ஓம் அளவில்தான் இருக்கும். பஸ்ஸர் தட்டுக்கு அது போதும், சேடில் பட்டைக்குப் போதாது.

பெட்டி எதுவும் இல்லை, கச்சேரி பத்து நிமிஷத்தில் ஆரம்பம் என்றால்: ஒயரை லைன் இன்புட்டுக்கு மாற்றுங்கள். 10 கிலோவுக்கு 800 ஹெர்ட்ஸ் வரும், இன்னும் போதாது. இப்போது பியஸோவின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே, அதாவது இணையாக, ஒரு 224 கெப்பாசிட்டர். 224 என்றால் 220 நானோ. தட்டோடு சேர்த்து 240. 159ஐ 2.4ஆல் வகுத்தால் 66 ஹெர்ட்ஸ். அனுமந்தரத்தின் அடிச்சத்தம் கொஞ்சம் தேய்ந்தாலும் நாதம் வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு விலை உண்டு. சத்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும், 20 டெசிபலுக்குச் சற்று மேல் இறக்கம். ஆனால் பஸ்ஸர் தட்டு கொட்டிக் கொடுக்கும் ஜாதி. மிக்சரில் கெயினைத் திருப்பினால் மீண்டுவிடலாம், கொஞ்சம் ‘ஸ்ஸ்’ கூடும், அவ்வளவுதான். அன்றைக்கு நான் செய்தது இப்படி: ஜாக்கின் மூடியைக் கழற்றி, நடு முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் 224இன் இரண்டு காலையும் மடித்துக் கொக்கி போட்டு, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். ஈயம்கூட வைக்கவில்லை. டீச்சர் அனுமந்தரத்தை மறுபடி மீட்டினார். முகப்பில் நின்ற ஆச்சி திரும்பிப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, டீச்சர் ‘நாட்டை’ ராகத்தை ஆரம்பித்துவிட்டார்.

சேடில் பட்டைக்கு இந்த அவசர வைத்தியம் ஆகாது. அதன் சொந்தக் கொள்ளளவே அரை நானோ என்றால் 220 நானோ வைத்ததும் நானூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு கெயினைத் திருப்பினால் இரைச்சலைத்தான் கேட்க வேண்டும்.

“பலமா வாசிச்சா உடையுது, கரகரங்குது”

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் கிடார் கொண்டுவந்தான். மெதுவாக வாசித்தால் தேன். ஸ்ட்ரம் அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு ‘க்வாக்’, வாத்து கத்துவது போல. ஈக்வலைசரில் எல்லாக் குமிழையும் திருப்பிப் பார்த்திருக்கிறான். பிரீ ஆம்பை, அதாவது பிக்கப்பின் சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் சர்க்யூட்டை, மாற்றியிருக்கிறான். அதுவும் அதே 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவதுதான்.

பியஸோவின் சிக்கல் அதன் முதல் நொடிதான். கம்பியை விடும்போதோ பலகையில் கை படும்போதோ வரும் முதல் அடி மற்ற சத்தத்தைவிடப் பல மடங்கு பெரியது. விரலால் தட்டைச் சுண்டினால் சில வோல்ட் வரை எட்டும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரீ ஆம்புக்குள் அது தலையில் இடித்துக்கொண்டு சப்பையாகிவிடுகிறது. அந்தச் சப்பைதான் வாத்துச் சத்தத்தில் பெரும்பங்கு. முழுவதும் அதுதான் என்று சொல்லமாட்டேன், சேடில் பிக்கப்புக்கென்றே ஒரு குணம் உண்டு. வால்யூம் குமிழ் பிரீ ஆம்புக்குப் பின்னால் இருப்பதால் அதைக் குறைத்துப் பயனில்லை. சப்பை ஆன பிறகு எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் சப்பைதான்.

ஆகவே பிரீ ஆம்புக்கு முன்னால், பியஸோவுக்கு இணையாகக் கெப்பாசிட்டர். கணக்கு: பியஸோவின் கொள்ளளவை, பியஸோவும் புதியதும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் மிஞ்சும் பங்கு. பியஸோவும் புதியதும் சமம் என்றால் பாதி, அதாவது 6 டெசிபல் இறக்கம். புதியது மூன்று மடங்கு என்றால் கால் பங்கு, 12 டெசிபல். ஒன்பது மடங்கு என்றால் பத்தில் ஒன்று, 20 டெசிபல். 20 நானோ தட்டுக்கு 22 நானோவில் ஆரம்பித்து 47, 100 என்று ஏறுங்கள். கெப்பாசிட்டர் மேல் 223, 473, 104 என்று அச்சிட்டிருக்கும். கடைசி இலக்கம் எத்தனை சுழி, அலகு பிக்கோ ஃபாரட்.

வால்யூம் குமிழை (பாட்) ஏன் முன்னால் வைக்கக் கூடாது என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. பிரீ ஆம்புக்கு முன்னால் ஒரு 50 கிலோ பாட் வைத்தால் அதுவே பியஸோவுக்குச் சுமையாகி, மேலே சொன்ன தகர நோய் திரும்பிவிடும். கெப்பாசிட்டர் அப்படிச் செய்யாது. எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவில் குறைக்கும், அதோடு கீழ் எல்லையை இன்னும் கீழே தள்ளும். அவனுடைய பட்டை ஏறக்குறைய அரை நானோ காட்டியது. 1 மெகா ஓம் பிரீ ஆம்பில் அதன் வெட்டு 318 ஹெர்ட்ஸ், ஆனால் கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். 102 என்று போட்ட 1 நானோ கெப்பாசிட்டரை இணையாக வைத்ததும் மொத்தம் ஒன்றரை நானோ, வெட்டு 106க்கு இறங்கியது. சத்தம் மூன்றில் ஒரு பங்கு. வாத்தும் பெரும்பாலும் அடங்கியது, தடித்த கம்பிக்கும் வயிறு வந்தது. “அண்ணே, பேஸைக் கூட்டினீங்களா?” என்றான். நான் கூட்டவில்லை, வெட்டுவதைக் குறைத்தேன்.

சோதிக்கும்போது ஈயம் வைக்காதீர்கள். இரண்டு முனையிலும் குரோக்கடைல் கிளிப் உள்ள ஒயர் ஒரு ஜோடி வைத்துக்கொண்டு கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றிக் கேளுங்கள். வாசிப்பவர் எவ்வளவு பலமாக வாசிப்பாரோ அவ்வளவு பலமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடையில் எல்லோரும் மரியாதையாகத்தான் வாசிப்பார்கள், மேடையில்தான் கை ஓங்கும். உடைவது எந்த மதிப்பில் நிற்கிறதோ அதற்கு அடுத்த பெரிய மதிப்பைப் போடுங்கள்.

“மொணங்குது, தொட்டா இடி மாதிரி வருது”

இது எதிர் நோய். 1 மெகா ஓம் பெட்டியில் சொருகிய பஸ்ஸர் தட்டு 8 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் எடுத்து வருகிறது. டீச்சர் வீணையை மடியில் நகர்த்தினால் இடி. பக்கத்தில் யாராவது நடந்தால் தும். தாளத்துக்குத் தொடையைத் தட்டினால் அதுவும் ஸ்பீக்கரில்.

இங்கேதான் கெப்பாசிட்டர் தொடராக வர வேண்டும். சூடான ஒயரை (எர்த் அல்லாத, சிக்னல் வரும் ஒயரை) வெட்டி, நடுவில். பியஸோவும் இதுவும் தொடராகச் சேரும்போது மொத்தக் கொள்ளளவு சின்னதைவிடவும் சின்னதாகும். 20 நானோ தட்டு, 1 மெகா ஓம் என்று வைத்தால்: 4.7 நானோ போட்டால் வெட்டு 42 ஹெர்ட்ஸ், 2.2 நானோ போட்டால் 80, 1 நானோ போட்டால் 167. வீணைக்கு 4.7 நானோவுக்குக் கீழே போகாதீர்கள், அனுமந்தரம் 62இல் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும். மாண்டலினுக்கும் வயலினுக்கும் 2.2 நானோ தாராளமாகப் பொருந்தும், அவற்றில் அவ்வளவு கீழே எதுவும் இல்லை.

மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, லைன் இன்புட்டில் சொருகியிருக்கும்போது இதைச் செய்தால் மிச்சமிருந்த கீழ் சத்தமும் போய்விடும். 10 கிலோவில் 4.7 நானோ தொடர் என்றால் வெட்டு 4000 ஹெர்ட்ஸுக்கு மேல். இரண்டு, இந்தக் கெப்பாசிட்டரை வாத்தியத்தின் பக்கம் வைக்காமல் பிரீ ஆம்பின் பக்கம் வையுங்கள். வாத்தியத்திலேயே வைத்தால் பின்னால் வரும் ஒயரின் கொள்ளளவு சத்தத்தைத் தின்னும்.

மூன்றாவது எனக்கே நேர்ந்தது. சத்தமும் குறைய வேண்டும், முணங்கலும் போக வேண்டும் என்று இரண்டு கெப்பாசிட்டரும் வைத்தேன். தொடர் கெப்பாசிட்டரை முதலில் போட்டு, அதற்குப் பின்னால் பிரீ ஆம்பின் பக்கத்தில் 47 நானோவைக் குறுக்கே போட்டுவிட்டேன். சத்தம் பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, முணங்கல் மட்டும் அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பிரீ ஆம்பு பார்க்கும் மொத்தக் கொள்ளளவு 50 நானோவாக ஏறியிருக்கிறது, வெட்டு 3 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. ஆகவே வரிசை இதுதான்: தட்டு, அதன் குறுக்கே இணைக் கெப்பாசிட்டர், அதற்கு அப்புறம் வழியில் தொடர் கெப்பாசிட்டர், பிறகு பிரீ ஆம்பு.

“மேலே கூர்மையா காதைக் குத்துது”

மேக்னடிக் பிக்கப் உள்ள எலக்ட்ரிக் கிடாரில் டோன் குமிழ் என்பது குறுக்கே வைத்த ஒரு கெப்பாசிட்டர்தான், அது மேல் சத்தத்தைக் குறைக்கும். அந்தப் பழக்கத்தில் பியஸோவுக்கும் குறுக்கே 104 வைத்துவிட்டு, “கூர்மை போகலையே, சத்தம்தான் குறைஞ்சிருக்கு” என்று வருவார்கள். போகாது. மேக்னடிக் பிக்கப் என்பது செப்புச் சுருள், பியஸோ என்பது கெப்பாசிட்டர். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் வைத்தால் மேலும் கீழும் ஒரே அளவில்தான் குறையும்.

மேல் சத்தத்தை வெட்ட நடுவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். தட்டிலிருந்து வரும் சூடான ஒயரில் 4.7 கிலோ ஓம், அதற்குப் பின்னால் எர்த்துக்கு 22 நானோ. 20 நானோ தட்டுக்கு இது சுமார் 3200 ஹெர்ட்ஸுக்கு மேல் தேய்க்க ஆரம்பிக்கும், சத்தமும் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கும். 2.2 கிலோ போட்டால் 7000 பக்கம். 10 கிலோ போட்டால் 1500, வீணைக்கு அது கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிடும். இதுவும் 1 மெகா ஓம் இன்புட்டோடு சேர்த்துத்தான்.

இதைச் செய்யும் முன் தட்டு எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். 27 மில்லிமீட்டர் தட்டுக்குத் தனியாக விட்டால் 4 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் சொந்த மணியோசை உண்டு. பஸ்ஸராக அது கத்துவதே அங்கேதான். ஓரத்தில் மட்டும் டேப் போட்டு நடுவில் காற்று விட்டால் அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கும். பித்தளைப் பக்கம் முழுவதும் பலகையில் படிய ஒட்டி, மேல் பக்கம் ஒரு சின்ன கார்க் துண்டை அழுத்தி வைத்துக் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் ரெசிஸ்டருக்கு வேலையே இருக்காது.

“ம்ம்ம்-னு ஹம் வருது”

இதற்குக் கெப்பாசிட்டர் மருந்து இல்லை. குறுக்கே வைத்தால் ஹம் குறைந்த மாதிரித் தெரியும், சந்தோஷப்பட்டுக் கெயினைத் திருப்பினால் அதே அளவில் திரும்பி வந்து நிற்கும். வாத்தியத்தின் சத்தமும் ஹம்மும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன, அவ்வளவே.

பித்தளைப் பக்கம் எர்த்துக்கும் வெள்ளைப் பக்கம் சூடான ஒயருக்கும் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் அந்தப் பெரிய பித்தளைத் தட்டே ஆன்டெனா ஆகிவிடும். தட்டிலிருந்து ஜாக் வரை ஷீல்டு ஒயர்தான் இருக்க வேண்டும், பஸ்ஸரோடு வரும் சிவப்பு கறுப்பு நூல் ஒயரை ஒரு விரல் நீளத்துக்கு மேல் விடாதீர்கள். அப்புறம் வெள்ளைப் பக்கத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டி, அதன் மேல் செப்பு ஃபாயில் போர்த்தி, ஃபாயிலை எர்த்தோடு சேருங்கள். குன்றக்குடிப் பக்கத்து பஜனைக் குழுவின் மாண்டலின் ஒன்றுக்கு இது மட்டும்தான் செய்தேன். சீரியல் செட் பல்பு வரிசைக்கு அடியிலேயே உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

“ஸ்பீக்கர் கூவுது”

அடியில் ‘ஊ’ என்று முழங்கினால் தொடர் கெப்பாசிட்டர் உதவும், பலகை அந்த இடத்தில்தான் ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர்கிறது. மேலே ‘கீ’ என்று கூவினால் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், அல்லது பிரீ ஆம்பில் ஃபேஸ் பொத்தான் இருந்தால் மாற்றிப் பாருங்கள். வளவில் ஸ்பீக்கரை வீணைக்கு எதிரே வைத்துவிட்டு எந்தப் பொத்தானைத் தேடினாலும் பலன் இல்லை.

“நீள ஒயர் போட்டா சத்தம் கம்மியாகுது”

ஷீல்டு ஒயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோ ஃபாரட். 10 மீட்டர் என்றால் 1 நானோ, அதுவும் குறுக்கே. அதாவது நீங்கள் வைக்காமலே ஒரு இணைக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. 20 நானோ தட்டுக்கு அது தூசு. அரை நானோ பட்டைக்கு அது மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட பிக்கப்புக்கு பிரீ ஆம்பை வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து நீள ஒயரை இழுங்கள். ஒயரை யாராவது மிதித்தால் வரும் படபடப்பும் அதோடு நின்றுவிடும்.

“கெப்பாசிட்டர் வெச்சதுக்கு அப்புறம் அதைத் தட்டினாலும் சத்தம் வருது”

பழுப்பு நிற மலிவான செராமிக் வில்லை வைத்திருப்பீர்கள். அந்த வகைச் செராமிக்கிலும் பியஸோ குணம் உண்டு, அதுவே ஒரு பிக்கப் மாதிரி வேலை செய்கிறது. பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் வகை போடுங்கள். 1 நானோ மாதிரிச் சின்ன மதிப்புக்கு என்பிஓ என்று குறித்த செராமிக் சரி. எலக்ட்ரோலிடிக் எதற்கும் வேண்டாம்.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்தது, இன்னிக்கு பேஸ் இல்லை”

ஐப்பசி மழை நாளில் இது நிறைய வரும். ஈயம் வைத்த இடத்தில் ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு அது கசியும். பியஸோவுக்குக் குறுக்கே யாரோ ஒரு ரெசிஸ்டர் வைத்த மாதிரி ஆகும். கசிவு 1 லட்சம் ஓமுக்கு இறங்கிவிட்டால் 20 நானோ தட்டின் வெட்டு 80 ஹெர்ட்ஸுக்கு ஏறும், சேடில் பட்டை என்றால் சொல்லவே வேண்டாம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஜாக்கைப் பெட்டியிலிருந்து கழற்றி அளங்கள். எண் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கியால் ஈயம் வைத்த இடத்தையும் ஜாக்கின் உள்பக்கத்தையும் தேய்த்து, அரை மணி நேரம் காற்றாட விட்டு, மறுபடி அளங்கள்.

கசிவு இல்லை, ஆனால் கொள்ளளவு 20இலிருந்து 8, 9 என்று இறங்கியிருக்கிறது என்றால் வெள்ளை வட்டத்தில் விரிசல். தட்டை மாற்ற வேண்டியதுதான். புதுத் தட்டில் ஒயர் வைக்கும்போது சால்டரிங் இரும்பை ரெண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏறினால் அந்த இடத்தில் அதன் பியஸோ குணமே போய்விடும். பழையதைக் கழற்றக் கத்தியை நுழைக்காமல், ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பசை இளகும் வரை காட்டி, ஓரத்திலிருந்து பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை (ஃப்ளாஸ்) உள்ளே விட்டு அறுத்து எடுங்கள். குதிரைப் பக்கம் அதிகம் சூடு போகாமல் ஒரு ஈரத்துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், மெட்டு மெழுகு இருக்கும் பக்கம் டிரையர் திரும்பவே கூடாது.